இரண்டு ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துக் கேட்பது எப்படி: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை (பாமாயில்) ஆலையில் எனக்கு வயர்மேன் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் குடியிருப்பான தாமானிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் யாராவது ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இது நல்லதா அது நல்லதா, கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். என் காதைவிட அவர்கள் காதுதான் முக்கியம், வீட்டில் உட்கார்ந்து கேட்கப் போவது அவர்கள்தானே. அதனால் கேட்கிற முறையை மட்டும் சொல்லிக் கொடுத்து வந்தேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டு வரவேற்பறையில் பாட்டு கேட்கிற ஸ்பீக்கர்களைப் பற்றித்தான் பேச்சு, திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய பெட்டிகள் வேறு கதை.

கடையில் அருமையாக இருந்தது, வீட்டில் ஏன் வேறு மாதிரி கேட்கிறது?

எனக்கே நடந்தது. ஈப்போவில் ஒரு கடையில் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள், ஒன்றில் பாடுகிறவர் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது, 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அதையே எடுத்து வந்தேன். வீட்டில் அலமாரிக்குப் பக்கத்தில் மூலையில் வைத்துப் போட்டால் தவில் அடி ஒவ்வொன்றும் வீங்கிப்போய், குடத்துக்குள் அடிக்கிற மாதிரி கேட்டது. ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கடையில் அந்த ஜோடி மற்றதைவிடச் சத்தமாக ஓடியது, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றது, கீழே தடித்த கம்பளம் வேறு. என் வீட்டில் வெறும் ஓடு பதித்த தரை, சிமெண்ட் சுவர், கை தட்டினால் "டங்" என்று திரும்பி வரும். ஆக நான் கடையில் ஒப்பிட்டது இரண்டு ஸ்பீக்கர்களையே இல்லை, இரண்டு சத்த அளவையும் இரண்டு இடத்தையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

சத்தத்தைச் சமப்படுத்துவது அவ்வளவு முக்கியமா?

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கூடுதல் சத்தத்தில் ஓடுவது காதுக்கு நல்லதாகவே தோன்றும், அது மனிதக் காதின் இயல்பு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் "இது சத்தமாக இருக்கிறது" என்று நாமே கண்டுபிடித்துவிடுவோம். அரை டெசிபல், ஒரு டெசிபல் என்று சின்னதாக இருக்கும்போதுதான் சிக்கல், அப்போது அது சத்தமாகத் தெரியாது, தெளிவாக, ஆழமாக, உயிரோட்டமாகத் தெரியும். "இதில் வயலின் இழைகிறது அண்ணே" என்று ஒருவர் சத்தியம் செய்தார், சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழை ஒரு மயிரிழை குறைத்ததும் அந்த இழைவு போய்விட்டது.

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உணர்திறன் வேறு, அதாவது ஒரே வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் போடும் என்பது. பெட்டியின் பின்னாலோ தாளிலோ 86 டெசிபல், 89 டெசிபல் என்று போட்டிருப்பார்களே, அதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் 3 டெசிபல், அதாவது 86 உள்ளது 89 உள்ளதுக்குச் சமமாகக் கத்த வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு வாட் தள்ள வேண்டும். குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், 89 உள்ளதுதான் ஜெயிக்கும். எல்லாக் கடையிலும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை, குமிழைத் தொடாமல் விட்டாலே இது தானாக நடந்துவிடும்.

மீட்டர் இல்லையே, எதை வைத்து அளப்பது?

கைப்பேசி போதும். சத்தம் அளக்கிற செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டுகிற எண் உண்மையான டெசிபலாக இருக்காது, ஆனால் நமக்கு வேண்டியது இரண்டும் சமமா என்பது மட்டும்தான், அதே கைப்பேசியை அதே இடத்தில் வைத்து அளந்தால் அதற்கு அது நேர்மையாகப் பதில் சொல்லும். உட்கார்ந்து கேட்கிற நாற்காலியில், காது இருக்கும் உயரத்தில், முக்காலியின் மேல் மைலோ டின் அடுக்கி அதன் மேல் கைப்பேசியை வைப்பேன். கையில் பிடித்து அளக்காதீர்கள், கை ஆடும், உடம்பும் சத்தத்தை மறைக்கும்.

பாட்டைப் போட்டு அளந்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும். பிங்க் நாய்ஸ் என்கிற இரைச்சலைப் போடுங்கள், தகரக் கூரையில் விடாமல் மழை பொழிகிற மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரே அளவு சக்தி உள்ள இரைச்சல் அது. செயலியில் ஏ, சி என்று அளவு முறை கேட்டால் சி-யை எடுங்கள், ஏ முறை கீழ்ச்சுருதிச் (பாஸ்) சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒரு ஜோடிக்கு 75 வந்தால் மற்றதுக்கும் 75 வரும் வரை குமிழைத் திருப்பி, இரண்டு இடத்திலும் குமிழின் ஓரத்தில் சின்னதாக டேப் ஒட்டிவிடுங்கள். ஸ்பீக்கரை மாற்றும்போது குமிழும் அந்தந்த டேப்புக்குப் போக வேண்டும். அரை டெசிபலுக்குள் வந்துவிட்டால் வீட்டுக்கு நல்ல அளவு, பரிசோதனைக் கூடத்தில் இன்னும் நெருக்கிப் பிடிப்பார்கள்.

எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்றால், வழக்கமாக நீங்கள் வீட்டில் கேட்கிற அளவில்தான். சத்தம் குறையக் குறையக் காதுக்குக் கீழ்ச்சுருதி சீக்கிரம் மறையும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதிரப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர், குழந்தை தூங்கும்போது மெல்லப் போட்டால் வெறிச்சென்று இருக்கலாம்.

இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதுமா?

போதாது. பக்கத்தில் பக்கத்தில் என்றாலே இரண்டு வேறு இடம்தான். ஓர் அடி நகர்த்தினாலே கீழ்ச்சுருதி மாறிவிடும், சுவரை ஒட்டினால் கூடும், மூலைக்குள் போனால் இன்னும் கூடும். எங்கள் வரவேற்பறை 12 அடி நீளம். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி ஓடும், அதை 12-இன் இரண்டு மடங்கால் வகுத்தால் 47, ஆக 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) பக்கம் வருகிற எந்தத் தாளச் சத்தமும் இந்த அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஊஞ்சலாடும். சுவரோரம் உட்கார்ந்தால் அது இடிக்கும், நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். அது அறை போடுகிற சத்தம், ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, முதல் ஜோடியைக் கேட்டபின் அதை எடுத்துவிட்டு அதே கோட்டில் இரண்டாவதை வையுங்கள். அமெரிக்காவில் ஸ்பீக்கர் செய்கிற ஹார்மன் நிறுவனம் இதற்கென்றே ஓர் அறை கட்டி, சில நொடிகளில் ஒரு ஸ்பீக்கரைத் தள்ளி மற்றதை அதே இடத்துக்குக் கொண்டுவருகிற இயந்திரம் வைத்திருக்கிறது. நம்மிடம் இருப்பது தம்பிமார் இரண்டு பேர். அவர்களும் இல்லையென்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு, பிறகு இடத்தை மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். முதலில் பிடித்தது இடம் மாறியும் பிடித்தால் அது ஸ்பீக்கரின் குணம். பிடித்தது இடத்தோடு சேர்ந்து மாறினால் உங்களுக்குப் பிடித்தது அந்த மூலைதான். மேல்சுருதி வருகிற சின்னக் கூம்பு, ட்வீட்டர், காது உயரத்துக்கு வர வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிலிருந்து மற்றதுக்கு எப்படி மாற்றுவது?

சீக்கிரமாக. நுணுக்கமான சத்த வித்தியாசம் மனதில் சில நொடிகள்தான் நிற்கும், பத்து நிமிடம் வயரைப் பிடுங்கி மாட்டிவிட்டுக் கேட்டால் நினைவில் இருப்பது நம்முடைய அபிப்பிராயம் மட்டுமே. பல ஆம்ப்ளிஃபையர்களில் ஏ, பி என்று ஸ்பீக்கர் பொத்தான் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் ஓம், அதாவது மின்தடை, பாதியாகும், 4 ஓம் ஸ்பீக்கர்களாக இருந்தால் 2 ஓம் ஆகி ஆம்ப்ளிஃபையருக்கே ஆபத்து. பொத்தான் இல்லாவிட்டால் வயர் முனையில் பனானா பிளக் என்கிற செருகியைப் போட்டு மாற்றலாம், மாற்றும்போது ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள். இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டால் ஒரு நொடியில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும், நிறைய சுட்டுப்போனதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

பத்து, இருபது நொடித் துண்டாக, அதே துண்டை இரண்டிலும் கேளுங்கள். அது முடிந்தபின் ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் தனியாக ஓட விடுங்கள், ஏனென்றால் சில ஸ்பீக்கர் பத்து நொடிக்குப் பளிச்சென்று இருந்துவிட்டு அரை மணியில் காதைக் களைக்க வைக்கும்.

சிவப்பு, கறுப்பு வயர் மாறிவிட்டால்?

ஒரு பக்கம் மட்டும் மாறினால் கீழ்ச்சுருதி காணாமல் போகும், பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்துவிடுவார். "இந்த ஜோடியில் பாஸ் இல்லை" என்று கொண்டுவந்த மூன்று பேரில் ஒருவருக்காவது இதுதான் காரணம். எதையும் தீர்மானிக்கும் முன் இதைப் பாருங்கள்.

இரண்டும் வேண்டுமா, ஒரு ஸ்பீக்கரை மட்டும் வைத்து ஒப்பிடலாமா?

தாராளமாக, முதலில் அதையே செய்யுங்கள். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் இருந்த ஃபிலாய்ட் டூல் பல ஆண்டுகள் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தவர், ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும்போதுதான் மக்கள் குறைகளை நன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொன்னார். இரண்டு ஸ்பீக்கர் ஓடும்போது அந்த அகலமே அழகாக இருந்து மற்றதை மறைத்துவிடும். தூக்குகிற வேலையும் பாதி.

எந்தப் பாட்டைப் போடுவது?

உங்களுக்கு மனப்பாடமான பாட்டு. கடைக்காரர் போடுகிற பளபளப்பான ஒலிப்பதிவு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். அதோடு, நேரில் கேட்டுப் பழகிய வாத்தியம் வேண்டும், இந்த விஷயத்தில் நமக்குக் குறைவே இல்லை. தோட்டத்தில் பிறந்தவன் உறுமியைப் பத்தடி தூரத்தில் நின்று கேட்டு வளர்ந்தவன். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது வருகிற அந்த முனகல் இருக்கிறதே, கீழே இருந்து மேலே இழுத்துக்கொண்டு ஏறும், நல்ல ஸ்பீக்கரில் அது ஒரே கோடாக ஏறும், சுமாரானதில் நடுவில் ஓரிடத்தில் திடீரென்று வீங்கி அப்புறம் மெலியும்.

தவிலில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். வலது பக்கம் விரலில் கூடு மாட்டி அடிப்பது, "டக் டக்" என்று காய்ந்த சத்தம், இடது பக்கம் கோலால் அடிப்பது. வேகமாகச் சொற்கட்டு போகும்போது ஒவ்வொரு அடியும் பிரிந்து நிற்கிறதா, குழைந்துவிடுகிறதா? மிருதங்கத்தில் இடது தொப்பியில் உள்ளங்கையைச் சறுக்கிக் கும்கி கொடுப்பார்கள், அந்தச் சத்தம் குனிந்து நிமிரும், சின்னப் பெட்டிகள் பலவற்றில் அதன் அடிப்பாகம் வெட்டுப்பட்டுப் போகும். நாதஸ்வரத்தின் மேல்சுருதியைக் கொஞ்சம் சத்தம் கூட்டிக் கேளுங்கள், முகத்தைச் சுளிக்க வைத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கைவசம் எப்போதும் இருப்பது வேறு ஒன்று: என் மகள் தேவாரம் படித்ததைக் கைப்பேசியில் நானே பதிவு செய்தது. வெறும் குரல், மூன்று நிமிடம். அவள் குரல் எனக்குத் தெரியும். பல ஸ்பீக்கர்களில் பெரிய கூம்பும் சின்னக் கூம்பும் வேலையைக் கைமாற்றிக்கொள்வது 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம், குரலின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் மாட்டிக்கொள்ளும். ஒரு ஸ்பீக்கரில் அவளுக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது, இன்னொன்றில் அவள் அப்படியே சமையலறை வாசலில் நின்று படித்தாள். வீட்டு ஆள் குரலைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள், இதைவிட நல்ல சோதனை நான் கண்டதில்லை.

ஒரு விஷயம், இரண்டிலும் ஒரே கைப்பேசி, ஒரே கோப்பு இருக்க வேண்டும். ஒரே பாட்டை இரண்டு பேர் இணையத்தில் ஏற்றியிருந்தால் சத்தம், தரம் இரண்டுமே வேறாக இருக்கும். சுருதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள்.

திரை கட்டிக் கேட்க வேண்டுமா? நான் நேர்மையாகத்தானே சொல்வேன்?

நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1994-இல், பின்னால் ஹார்மனுக்குப் போன அதே ஃபிலாய்ட் டூலும் அங்கே அவரோடு ஆய்வு செய்த ஷான் ஆலிவும் 40 பேரை உட்கார வைத்து நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்கச் சொன்னார்கள், ஒரு முறை பார்த்துக்கொண்டு, ஒரு முறை பார்க்காமல். பார்த்தபோது ஒரு விதமாகவும் பார்க்காதபோது வேறு விதமாகவும் மதிப்பெண் போட்டார்கள். விலை குறைந்த சின்னது ஒன்று, பார்க்காதபோது நல்ல மதிப்பெண் வாங்கி, கண்ணில் பட்டதும் இறங்கிவிட்டது. அந்த 40 பேரும் ஸ்பீக்கர் செய்கிற நிறுவனத்தின் ஆட்கள், அவர்களுக்கே அப்படி. 1,800 வெள்ளி கொடுத்தவன் அந்த 1,800-ஐயும் சேர்த்துத்தான் கேட்பான், நான் அப்படித்தான் கேட்டேன்.

கொடிக் கயிறு கட்டி, 'வாயில்' என்கிற மெல்லிய துணிச் சேலையைத் தொங்கவிடுங்கள். போர்வை வேண்டாம், மேல்சுருதியை அது குடித்துவிடும். சேலைக்கு ஊடாக வாயால் ஊதினால் மறுபக்கம் கையில் காற்றுப் பட வேண்டும், அதுதான் அளவு. உள்ளே ஒருவர் நாணயம் சுண்டி எதை ஓடவிடுவது என்று முடிவு செய்து நோட்டில் எழுதிக்கொள்வார், வெளியே உட்கார்ந்திருப்பவர் தன் நோட்டில் எழுதுவார். பேசக்கூடாது. உள்ளே இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்கக்கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

திரைக்குப் பின்னால் ஓடுவது எது என்று எத்தனை தடவை சரியாகச் சொன்னால் நம்பலாம்?

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதே சந்தேகமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு. பத்துக்கு ஏழு சரி என்று குதிக்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் ஆறு பேரில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ வரும். பத்துக்கு ஒன்பது என்றால் நூறில் ஒருவருக்குத்தான் ஊகத்தில் வரும், அதை நம்பலாம். இரண்டு வேறு ஸ்பீக்கர்கள் என்றால் பெரும்பாலும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். வயர், ஆம்ப்ளிஃபையர் என்று போகும்போதுதான் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

எனக்கு 58 வயது, என் மனைவிக்குச் சங்கீதம் தெரியாது. நாங்கள் கேட்டுத் தீர்மானிக்கலாமா?

கட்டாயம் நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும். வயதானால் மிக மேலே உள்ள சுருதிகள் கேட்காமல் போவது உண்மை, ஆனால் குரலும் தவிலும் வீணையும் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கின்றன. பழக்கம் பற்றிக் கேட்டால், ஷான் ஆலிவ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக 268 பேர் கேட்டார்கள், எது நல்லது என்ற வரிசை இரண்டு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. பயிற்சி உள்ளவர்கள் வித்தியாசத்தை இன்னும் தெளிவாகவும் தடுமாறாமலும் சொன்னார்கள், அவ்வளவுதான். உங்கள் மனைவியைக் கூட்டி வந்து உட்கார வையுங்கள் அண்ணே.

விலை உயர்ந்த வயர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 5 மீட்டர் தூரம், போய்வர 10 மீட்டர், மொத்தமே 0.12 ஓம் அளவுதான் தடை, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தக் காசில் தரைக்கு ஒரு தடித்த பாயும் சன்னலுக்குத் திரையும் வாங்குங்கள், அந்த மாற்றம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

புது ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடினால்தான் பழகுமாமே?

கூம்பின் விளிம்பு முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகும், உண்மை. அதற்கு மேல் பழகுவது பெரும்பாலும் நம் காது. திருப்பிக் கொடுக்கிற கெடு முடியும் வரை "இன்னும் பழகட்டும்" என்று காத்திருக்காதீர்கள்.

அப்பா காலத்து ஸ்பீக்கர் இருக்கிறது, அதோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், முதலில் முன் துணியைக் கழற்றிப் பெரிய கூம்பின் விளிம்பைப் பாருங்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய ஜோடி, தோட்டத்து லயத்து வீட்டில் இருபது வருடம் இருந்தது. நான் திறந்தபோது கூம்பு நன்றாக இருந்தது, அதைச் சுற்றி இருந்த நுரை வளையத்தில் விரலை வைத்தேன், நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்து, கறுப்பாக விரலில் பிசுபிசுத்தது. நம் ஊர் ஈரத்துக்கு நுரை வளையம் இப்படித்தான் மக்கும், ரப்பர் வளையம் நீண்ட நாள் தாங்கும். வளையம் போன ஸ்பீக்கரில் கூம்பு கோணலாக ஆடிக் கரகரக்கும், அதைப் புதியதோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. வளையத்தை மட்டும் மாற்ற முடியும், பொறுமை இருந்தால் வீட்டிலேயே ஒட்டலாம்.

நான் ஒட்டி முடித்து, சேலை கட்டி, என் 1,800 வெள்ளி ஜோடியோடு வைத்து மூன்று பேர் கேட்டோம். மகள் குரலுக்கு மூவரும் அப்பாவுடையதையே எழுதினோம். பிறகு புதியதைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துக் கேட்டபோது மிருதங்கத்துக்கும் உறுமிக்கும் அது முந்தியது. இரண்டும் இப்போது வீட்டில் இருக்கின்றன.

ஸ்டுடியோவில் வைக்கிற ஸ்பீக்கரையே வாங்கிவிட்டால்?

ஸ்டுடியோவில் இருப்பது வீட்டுக்குச் சுகமாக இருக்கும் என்று இல்லை. யமஹா என்எஸ்-10 என்று வெள்ளைக் கூம்பு வைத்த ஒன்று, 1978-இல் வீட்டு ஸ்பீக்கராகத்தான் வந்தது, வீட்டில் கேட்டவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, பின்னால் உலகம் முழுக்க ஸ்டுடியோ மேசைகளில் ஏறியது. ஸ்டுடியோ ஸ்பீக்கர் எதுவானாலும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்த நேரத்தில் கேட்பது?

இரவு ஒன்பதுக்கு மேல், மின்விசிறியை அணைத்துவிட்டு. வேர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் நிறுத்திவிடுங்கள். ஆலையில் வேலை செய்கிறவர்கள் ஷிஃப்ட் முடிந்த கையோடு வராதீர்கள், இயந்திரச் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருந்த காது சில மணி நேரத்துக்கு மந்தமாகத்தான் இருக்கும். காதடைப்பான் போட்டு வேலை செய்யுங்கள், இது ஸ்பீக்கருக்காக மட்டும் சொல்வதில்லை.

எல்லாம் செய்தும் இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதே?

அப்படியானால் விலை குறைந்ததை எடுங்கள். வீட்டில் கேட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமா என்று காசு கொடுக்கும் முன்பே கடையில் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கரையும் வீட்டு ஆள் குரலையும் மட்டும் கொண்டுவந்தால் போதும், வயரும் சேலையும் இங்கே இருக்கின்றன.